சேறு கேட்டவர்

லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்டில் போக முடியாது. மூன்றாவது மாடி, படிதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மூச்சு வாங்க ஏறிப்போய், "என்ன தம்பி, ஊர்ல இருக்குற லிஃப்டையெல்லாம் ஓட விடுறீங்க, உங்க வீட்டு லிஃப்டு இப்படிக் கிடக்கு?" என்று கேட்டேன்.

"இது வேற கம்பெனி போட்டதுக்கா. நான் கை வச்சா சண்டைக்கு வருவாங்க. கூப்பிட்டா வர மாட்டாங்க" என்றார்.

கட்டிலிலிருந்து, வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல் வந்தது. "இவர நம்பித்தான் மூணாவது மாடி பாத்தோம்."

அது அவர் மனைவி. பக்கவாதத்தில் வலது கையும் காலும் போய், நாக்கும் பாதி போயிருந்தது. வாய் மட்டும் போகவில்லை. அவளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்தார்கள்.

அவரை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து, நின்ற இடத்தில் அசையாமல் நிற்கிற பழக்கம். பேரை வைத்தவள் அவள்தான், கல்யாணத்துக்கு முன்னாலேயே. அவள் ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். லிஃப்ட் பழுதாகி அவர் வந்திருந்த நாளில், எப்போது சரியாகும் என்று மாடிக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறாள். இவர் "ஆகும் மேடம், ஆகும் மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதனால் கல்யாணமாகித் தலை நரைத்த பிறகும் அவள் அவருக்கு மேடம்தான். எனக்கும் அப்படியே ஆகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை.

பறவை பார்க்கும் பைத்தியம் அவருக்கு வேலையிலிருந்தே வந்தது. லிஃப்டின் மோட்டார் அறை கட்டடத்தின் உச்சியில் இருக்கும். கீழே இருக்கிற ஆள் "இப்ப ஓட்டுங்க" என்று குரல் கொடுக்கும்வரை மேலே இருப்பவருக்கு வேலை கிடையாது. மற்ற மெக்கானிக்குகள் அந்த நேரத்தில் பீடி பிடிப்பார்கள். இவர் கைப்பிடிச் சுவரோரம் நின்று ஏரியைப் பார்த்தார். அந்த ஏரியின் வாசலில் 'ஈரநிலப் பூங்கா' என்று எழுதியிருக்கும். உள்ளே நடைபாதை, பெஞ்சு, எரியாத விளக்கு. எதிர்க்கரையில் புதிதாக அடுக்குமாடிகள். கரையோரம் இடித்த வீடுகளின் செங்கல்லும் ஓடும் வந்து கொட்டும், கேட்பாரில்லை.

மேடம் படுத்த பிறகு, தொலைநோக்கியைப் பையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் நிறுத்தினார். அதன் ஸ்டாண்டின் கால்களைக் கட்டில் உயரத்துக்கு அறுத்துவிட்டார். ஆறுதலுக்காகச் செய்தார் என்று பார்க்க வந்த சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆறுதலாவது ஒன்றாவது. பகலில் அவர் வேலைக்குப் போய்விடுவார், ஏரியைப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மேடமோ பத்து விளக்கு ஒரே நேரத்தில் எரிகிற டெலிபோன் போர்டைக் கவனித்துப் பழகியவள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்ல ஆரம்பிப்பாள். எது வந்தது, எது போனது, எந்த நாய் எந்தப் பக்கம் இறங்கியது. அவர் நம்பாமல் மறுகேள்வி கேட்பார். அவள் திட்டுவாள். அந்த வீட்டில் அது தினசரி நடக்கிற சண்டை, நான் நடுவில் புகுந்ததில்லை.

அவர்களுடைய பறவை பவளக்காலி. வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் சிவப்புக் கால்கள். மரத்தில் கூடு கட்டாது. ஆழமில்லாத தண்ணீருக்கு நடுவே சேற்றுத் திட்டில் கொஞ்சம் புல்லைப் போட்டு அதிலேயே முட்டையிடும். சேறு காய்ந்துவிட்டால் நாய் நடந்து வரும். தண்ணீர் ஏறிவிட்டால் முட்டை மூழ்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியில்தான் அதன் பிழைப்பு.

போன வருஷம் ஏரி காய்ந்துபோனது. எதிர்க்கரை அடுக்குமாடிக்காரர்கள் மழைத்தண்ணீர் கால்வாயைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஏரித் தரை பாளம் பாளமாக வெடித்து, திட்டுவரை நாய்கள் நடந்துபோய் ஒரு முட்டை விடாமல் தின்றன. மேடம் அதை முழுக்கப் பார்த்தாள். கண்ணை எடுங்கள் என்றேன், எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பூங்கா மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஏரியை மேம்படுத்தப் போகிறோம், பறவை பார்ப்பவர்களும் வந்து தேவையைச் சொல்லலாம் என்று அறிவிப்பு. கிளம்பும்போது மேடம் அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சேறு வேணும்னு கேளுங்க."

"சரி, சரி."

"சரி சரி இல்ல. சேறு. அந்த வார்த்தையச் சொல்லணும்."

கீழ்வீட்டு பெயிண்டரின் மனைவியை மேடத்துக்குத் துணை வைத்துவிட்டு நானும் போனேன், என் வீட்டுக்கு அது வழிதான். மண்டபத்தில் நல்ல கூட்டம். ஏரியோரம் குடியிருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நாற்றம், கொசு, சேறு என்று புலம்பினார்கள். ஓர் அம்மா, தன் பேரன் சேற்றில் விழுந்து செருப்பு போன கதையை நடித்தே காட்டினாள். சபையே சிரித்தது. அதற்கு அடுத்த ஆள் நம் கொக்கு. எழுந்து நின்றார். கழுத்து நீண்டது. வாய் திறந்தது. அத்தனை பேர் சேற்றைத் திட்டி முடித்த இடத்தில் எனக்குச் சேறு வேண்டும் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"தண்ணி வேணும் சார். ஏரியில எப்பவும் தண்ணி நிக்கணும்" என்றார்.

இன்ஜினியர் இளவயதுக்காரர், நல்ல பையன். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, பறவை பாக்குறவங்களும் இதத்தான் கேக்குறாங்க. நிறுத்திக் குடுத்துடுறோம் சார்" என்றார். கைதட்டினார்கள். கொக்கும் தட்டினார்.

வீட்டுக்குப் போய் மேடத்திடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நான் போனபோது இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் சொன்னபடி செய்தார்கள். கால்வாயை மீட்டு ஏரிக்கே விட்டார்கள், அது நல்ல காரியம். மதகில் சிமென்ட் தூண் எழுப்பி, தண்ணீர் வெளியேறாதபடி பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். ஏரி நிறைய ஆரம்பித்தது. வாத்துகள் வந்தன, நீர்க்காகங்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பறவை பார்ப்பவர்கள் கேமராவும் கையுமாகக் குதூகலித்தார்கள். பின்னாலேயே ஒரு லாரியில் அன்னம் மாதிரி செய்த பிளாஸ்டிக் படகுகள் வந்து இறங்கின. மிதித்து ஓட்டுகிற படகு.

"கொக்கண்ணே, பறவை வேணும் வேணும்னீங்களே, ஒவ்வொண்ணும் எவ்ளோ பெருசு பாருங்க! இத பாக்கத் தொலைநோக்கியே வேணாம்" என்றான் பெயிண்டர். அந்தப் படகுகளுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்தவனே அவன்தான்.

தண்ணீர் பாதி ஏறியிருந்தபோது பவளக்காலிகள் மிச்சமிருந்த ஒரே திட்டில் முட்டையிட்டுவிட்டன. அவற்றுக்குப் பலகை பற்றி என்ன தெரியும்.

முதலில் கண்டுபிடித்தவள் மேடம். ஒருநாள் காலையில் நான் அவளுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது, "தூக்குது" என்றாள். என்ன தூக்குது என்று நானும் தொலைநோக்கியில் கண் வைத்தேன். அடை உட்கார்ந்திருந்த பறவை எழுந்து, பக்கத்திலிருந்த புல்லையும் குச்சியையும் இழுத்து முட்டைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தது. பிறகு உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. தண்ணீர் கூட்டின் விளிம்பைத் தொட்டிருந்தது. இணைப்பறவை எங்கிருந்தோ நாணல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டது. எல்லாக் கூட்டிலும் அதே வேலை. தண்ணீர் ஏற ஏறக் கூட்டை உயர்த்திக்கொண்டே இருந்தன. அன்று மத்தியானச் சாப்பாடு மேடத்துக்கு இறங்கவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன், எனக்குத் தெம்பு வேண்டும்.

கேட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தது எப்படிக் கெடுதலாகும் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. சமையலறையில்தான் பிடிபட்டது. மேடத்துக்கு விழுங்குவதில் கோளாறு. வெறும் தண்ணீரைக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கென்று ஒரு பொடி இருக்கிறது, அதைக் கலந்து கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து கரண்டியால் கொடுக்க வேண்டும். தாகம் என்று கேட்டாளே என்று இரக்கப்பட்டு யாராவது டம்ளரை நீட்டினால் ஆள் காலி. நான் கலக்குவதைப் பார்த்து மேடம், "எனக்கும் சேறுதான் ஒத்துக்குது அக்கா" என்றாள்.

கொக்கு அலைய ஆரம்பித்தார். வேலைக்குப் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இன்ஜினியர் அலுவலகத்துக்குப் போவார். சார் வெளியே போயிருக்கிறார் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்களிடம் சொன்னார். "வாத்து வந்திருக்கே சார், அத ரசிங்களேன். பவளக்காலி வேற எங்கயாவது போய்க்கும்" என்றார்கள். வேறு எங்கே போகும்? முன்பு திட்டுகள் இருந்த மற்ற குளங்களெல்லாம் இப்போது வீட்டுமனை. வீட்டுக்கு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலில் போய் நிற்பார். சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருப்பார்.

படகுத்துறையைப் பார்வையிட இன்ஜினியர் வருகிறார் என்று பூங்கா வாட்ச்மேன் தகவல் சொன்னான். அப்போது மேடம், "என்னையும் தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

"நீ எதுக்கு மேடம்?"

"நீங்க பேசின லட்சணம் தெரியும்."

அவள் படி இறங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பிலும் நெஞ்சிலும் பட்டை கட்டி, வலது கையை மடியில் சேர்த்துக் கட்டினேன். பெயிண்டர் நாற்காலியின் முன்னங்கால்களைப் பிடித்தான், கொக்கு முதுகுப் பக்கம். நான் சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

"லிஃப்டுக்காரர் சம்சாரத்துக்கே ஆள் லிஃப்டா" என்றான் பெயிண்டர்.

"மூச்ச அடக்கி எறங்கு, என்னப் போட்டுடாத" என்றாள் மேடம்.

துறையில் இன்ஜினியரும் அவருடைய ஆட்களும் நின்றிருந்தார்கள். கொக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். மேடத்துக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியிலிருந்து உடம்பை முன்னால் தள்ளி, அந்தப் பாதி நாக்கால் முடிந்தவரை அழுத்தி, ஏரியைக் காட்டிச் சொன்னாள்.

"சேறு வேணும்."

இன்ஜினியர் குனிந்து கேட்டார். "என்னம்மா?"

"சேறு! சேறு!"

அவர் நிமிர்ந்து தன் ஆளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பாவம், சோறு கேக்குறாங்க. பசி போல. போய் பிஸ்கட்டாவது வாங்கிட்டு வா" என்றார். அந்த ஆள் ஓடினான்.

ஒரு காலத்தில் டெலிபோன் கம்பி வழியே நூறு பேருக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் பேர் சொன்னவள். நான் வாயைத் துடைத்துவிட்டேன், எச்சில் வழிந்திருந்தது.

அப்போதுதான் கொக்கு கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சோறு இல்ல சார், சேறு! சேறு வேணும்! தண்ணியக் கொறைங்க! மேல இருக்குற ஒரே ஒரு பலகைய எடுங்க, முட்டையெல்லாம் முழுகுது!"

துறையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஜினியருக்கு எரிச்சல்கூட இல்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். "சார், போன வருஷம் எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு தண்ணி கேட்டது நீங்கதானே? உங்கள வச்சுத்தான் நான் மேல பேசி அனுமதி வாங்கினேன். இப்ப வந்து சேறுன்னா நான் யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது? படகு விட இந்த ஆழம் வேணும். தொறப்பு விழா முடியட்டும், அப்புறம் பாப்போம்."

"அப்புறம் பாக்க ஒண்ணும் இருக்காது சார்."

பிஸ்கட் வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளாமல் வந்தோம்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் திட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்கு மேல் கூடுகள் மட்டும் குப்பைக் குவியல்போலத் துருத்திக்கொண்டிருந்தன, அவற்றின் மேல் பறவைகள். கொக்கு வேலைத்தளத்திலிருந்து நேரே மதகுக்குப் போய்விட்டார். லிஃப்ட் பெட்டியைத் தூக்குகிற சங்கிலிக் கப்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வாட்ச்மேன் பார்த்துவிட்டு, "நான் டீ குடிச்சிட்டு வரேன். நீங்க இருக்கறதே எனக்குத் தெரியாது" என்று குடையை விரித்துக்கொண்டு நடந்தானாம்.

மதகிலிருந்து கூடுகள் தெரியாது, நடுவில் நாணல் மறைக்கும். அதனால் எனக்குப் போன் செய்தார். மழைச் சத்தத்தில் இரைந்தார். "அக்கா, மேடம்கிட்ட குடுங்க. பலக ஊறிப்போய் இறுகிக் கெடக்கு. இழுத்துட்டிருக்கேன். கூடு இருக்கான்னு கேளுங்க."

நான் போனை அவள் காதில் வைத்தேன். அவள் கண் தொலைநோக்கியில் இருந்தது. "இருக்கு. இழுங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி அடித்தது. "ஒரு விரக்கட அசைஞ்சிருக்கு. இருக்கா?"

"இருக்கு."

மூன்றாவது தடவை அவர் கேட்டபோது மேடம் தொலைநோக்கியிலிருந்து தலையை விலக்கிக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தேன். கூடு எதுவும் இல்லை. வெறும் தண்ணீர். முட்டைகள் மிதந்து நாணல் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தன. ஒரு பறவை, கூடு இருந்த இடத்தில், வயிறுவரை தண்ணீரில் நின்றபடி வாயில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தது.

"இருக்கா மேடம்? கை வழுக்குது. இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றாள் மேடம். "விடாதீங்க. இழுங்க."

பலகை வந்துவிட்டது. அவர் நனைந்து, உள்ளங்கை கிழிந்து வீடு வந்தபோது மழை விட்டிருந்தது. நேரே ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இருக்குன்னு சொன்னியே."

"இல்லன்னா நிறுத்தியிருப்பீங்க."

"எதுக்கு இழுக்கச் சொன்ன? யாருக்கு?"

"சேறு தெரிஞ்சா மறுபடி இடும்." நாலு வார்த்தையையும் தனித்தனியாகச் சொன்னாள். "இன்னும் பருவம் இருக்கு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கையைக் கழுவி மருந்து போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் விடிந்தபோது திட்டு வெளியே வந்திருந்தது, கறுப்பாக, ஈரமாக. பவளக்காலிகள் அதன்மேல் இறங்கியிருந்தன. ஒரு ஜோடி நெஞ்சைச் சேற்றில் அழுத்தித் திரும்பித் திரும்பிக் குழி பறித்தது. கூடு போடப் போகிறது என்றாள் மேடம். அதே நேரத்தில் வாட்ச்மேன் போன் செய்தான். புதுப் பலகையோடு லாரி கிளம்பிவிட்டது.

"என்ன மதகுல கொண்டுபோய் வைங்க" என்றாள் மேடம்.

எனக்கு மறுக்கும் உரிமை இருந்தது. மறுக்கவில்லை. டயப்பர் மாற்றினேன், மாத்திரை, பொடி, காற்றுத் தலையணை எல்லாம் எடுத்துவைத்தேன். "இவ்வளவு நேரம்தான் உக்காரலாம், அதுக்கு மேல தோல் தாங்காது. நான் போதும்னா போதும்" என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். பெயிண்டர் வந்தான், அன்றைக்குக் கேலி எதுவும் பேசவில்லை. பலகை இறங்க வேண்டிய மதகு வாய்க்கு மேலேயே சிமென்ட் மேடையில் அவளுடைய சக்கர நாற்காலியை நிறுத்தி பிரேக்கைப் போட்டோம். கீழே தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது.

லாரி வந்தது. இன்ஜினியரும் வந்தார். பார்த்தார். யாரும் அவளைத் தொடவில்லை. போலீஸைக் கூப்பிடவில்லை. "கேஸெல்லாம் போடல சார், ஆனா பலக போடணும்" என்று கொக்கிடம் பணிவாகச் சொல்லிவிட்டு மர நிழலில் போய் நின்றுகொண்டார். வேலையாட்கள் புல்லில் உட்கார்ந்தார்கள். அவர்கள் அவசரப்படவே இல்லை. அந்த உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்தவுடனே அவர்களுக்குப் புரிந்திருந்தது.

வெயில் ஏறியது. நான் குடை பிடித்தேன். இடையிடையே அவள் எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டேன். பிறகு ஒரு தடவை முதுகுக்குக் கீழே கையை விட்டு, துணியை விலக்கிப் பார்த்தேன். முதுகெலும்பின் அடிமுனையில் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன். அழுத்திய இடம் வெளுக்கவில்லை. வெளுக்காவிட்டால் உள்ளே சதை சாக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அந்த வயதில், அந்த உடம்பில், அது புண்ணாகத் திறந்தால் மூடாது. அப்படிப் புண் திறந்து இறந்துபோனவர்களை நான் குளிப்பாட்டியிருக்கிறேன்.

"போதும்" என்றேன்.

"இல்ல" என்றாள் மேடம்.

"தம்பி, இங்க வந்து பாருங்க."

கொக்கு வந்து பார்த்தார். அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்திக் காட்டினேன். நாணலுக்கு அந்தப் பக்கம் பவளக்காலிகள் கிக்கிக் என்று கத்திக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மேடம் இடது கையால் மேடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு மேடம்."

"மாட்டேன்."

"விடு."

ஒவ்வொரு விரலாக அவரே பிரித்தார். பிரேக்கை எடுத்தார். நாங்கள் கரையேறி முடிப்பதற்குள் பின்னால் பலகை இறங்கும் சத்தம் கேட்டது. சுத்தியலால் இரண்டு பக்கமும் தட்டி இறுக்கினார்கள். சலசலப்பு நின்றுவிட்டது.

மாடிப்படியில் இந்தத் தடவை பெயிண்டர் முதுகுப் பக்கம், அவர் கீழே நின்று முன்னங்கால்களைப் பிடித்தார். நோயாளியைப் பின்புறமாகவே ஏற்ற வேண்டும், கீழே பிடிப்பவரின் பார்வை நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும், அதுதான் முறை. மூன்று மாடியும் அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். அவர் கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்தபடியே ஏறினார்.